இராசராச சோழனின் புகழ் வரலாறு

முதலாம் இராசராச சோழன் (ஆட்சிக்காலம் கி.பி. 985–1014) தஞ்சாவூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழப் பேரரசன். சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் பிறந்தவன். இயற்பெயர் அருள்மொழி வர்மன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் இவனே என்பதை இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் அதே கோயிலின் வாசலில் நின்று, இதைக் கட்டியவர் யார் என்று கேட்டிருந்தால் கரிகாலன் என்றே பதில் வந்திருக்கும். வாழ்ந்த காலத்தில் ஓங்கிய இவனது புகழ், பின்னர் அவனுடைய ஊரிலேயே மறைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுகளின் வழியாக மீண்டது. அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

அரசன் தானே எழுதுவித்த புகழ்

தமிழ் மன்னர்களைப் பாடும் மரபு சங்க காலத்திலிருந்து உண்டு. ஆயினும் ஒவ்வொரு கல்வெட்டின் தொடக்கத்திலும் அரசனின் வெற்றிகளை ஒரே வாசகமாகப் பொறிக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவன் இராசராசனே. இவ்வாசகத்தை மெய்க்கீர்த்தி என்பர். திருமகளோடு நிலமகளையும் தனக்கு உரியவளாகக் கொண்டவன் என்று தொடங்கி, காந்தளூர்ச் சாலையில் பெற்ற வெற்றியைச் சொல்லி, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, குடமலைநாடு, கொல்லம், கலிங்கம், ஈழம், இரட்டபாடி, கடல் நடுவே உள்ள பழந்தீவுகள் என்று அது விரிகிறது. ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகளும் கூடும். ஆண்டு சிதைந்த கல்வெட்டாயினும், மெய்க்கீர்த்தியில் எந்த நாடு வரை வந்திருக்கிறது என்று பார்த்து அதன் காலத்தை ஏறக்குறைய அறியலாம்.

ஊர்ப்பெயர்களிலும் அவன் பெயர் ஏறியது. சோழமண்டலத்து நாடுகளைத் தொகுத்து வளநாடுகளாக அமைத்தபோது அவற்றுக்குத் தன் விருதுப் பெயர்களையே இட்டான். அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, சத்திரியசிகாமணி வளநாடு, பாண்டிய குலாசனி வளநாடு, கேரளாந்தக வளநாடு என்பன சில. ஓர் உழவன் தன் நிலம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அரசனின் விருதைச் சொல்லியே தீர வேண்டும். மனிதர்களுக்கும் இப்பெயர் பட்டமாயிற்று. பெரிய கோயிலின் தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன், இராசராசப் பெருந்தச்சன் எனப்பட்டான். அரசனுக்கு மழித்த நாவிதனுக்கும் இராசராசப் பெருநாவிசன் என்று பட்டம் உண்டு. அரசன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை தச்சனுக்கும் நாவிதனுக்கும் கிடைத்ததும், அது கோயிற்கல்லில் ஏறியதும் கவனிக்கத்தக்கவை.

நெல்லால் அளக்கப்பட்ட கோயில்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கல்வெட்டுகள் இராசராசேசுவரம் என்று குறிக்கின்றன. 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் (கி.பி. 1010) விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தை அரசன் அளித்தான். மறு ஆண்டின் 20ஆம் நாளில், தஞ்சாவூர் அரண்மனையில் இருமடி சோழன் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி அவன் இட்ட ஆணையே இவ்வரலாற்றின் அடித்தளம். தான் தந்தவை, அக்கை குந்தவை தந்தவை, தேவியர் தந்தவை, பிறர் தந்தவை யாவும் விமானக் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பதே அந்த ஆணை.

இவ்வாணையின்படி வெட்டப்பட்டவற்றைப் படிப்பவர்க்கு முதலில் வியப்பும் பிறகு சற்று அயர்ச்சியும் தோன்றும். போர்க்களங்களைப் பற்றி மிகக் குறைவாகவே உள்ளது. பெரும்பகுதி வரவு செலவுக் கணக்கு. அணிகலன்களில் கோத்த முத்துகள் எண்ணி எழுதப்பட்டுள்ளன. வட்டம், அனுவட்டம், கரடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று முத்தின் தரமும் சொல்லப்படுகிறது. உள்ள குறையை மறைக்காமல் எழுதிய பொற்கொல்லனின் கண் அதில் தெரிகிறது.

ஒரு விளக்கு எரியும் முறையைப் பார்க்கலாம். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஓர் இடையரிடம் ஒப்படைக்கப்படும். மந்தை பெருகிக்கொண்டே இருப்பதால் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை என்பது கணக்கு. சாவா மூவாப் பேராடு என்ற தொடர் இப்படிப் பிறந்தது. கோயிலின் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

சோழமண்டலத்தின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் தஞ்சைக்கு வரவழைக்கப்பட்டனர். ஒவ்வொருவரின் பெயர், அவர் வந்த ஊர், குடியிருந்த தெரு, அத்தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் உள்ளது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். 12 மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாடு தஞ்சை வட்டாரத்து முதியவர்களுக்கு இன்றும் மனப்பாடம். உலக வரலாற்றில் ஆடல் மகளிரைக் கூட்டமாகக் குறிப்பிடும் இடங்கள் பல உண்டு. இப்படி ஒவ்வொருவரையும் வீட்டு இலக்கத்தோடு அறிய முடிவது அரிது.

இவ்வளவு நெல்லும் காவிரிப் படுகையிலிருந்து வந்தது. ஈழத்து ஊர்கள் சிலவும் கோயிலுக்கு நெல்லும் இலுப்பை எண்ணெயும் அளக்கக் கடமைப்பட்டிருந்தன. வரவைத் திட்டமாக அறிய நிலத்தை அளக்க வேண்டும். கி.பி. 1000ஐ ஒட்டி நடந்த நில அளவைக்குத் தலைமை ஏற்ற சேனாபதி குரவன், உலகளந்தான் என்ற பட்டம் பெற்றான். கணக்கில் வேலியின் பின்னங்கள், 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை எழுதப்பட்டுள்ளன. ஒரு வேலியை 6.6 ஏக்கர் என்று கொண்டால் அப்பங்கு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். வயலில் யாரும் அதை அளந்திருக்க முடியாது. வகுத்துக்கொண்டே போன கணக்கரின் கீழ்வாய் இலக்கமே அது. ஆயினும் மீதியைத் தள்ளிவிடாத அந்தப் பிடிவாதம் ஆட்சியின் இயல்பைக் காட்டுகிறது. வேலி, மா, குழி என்னும் சொற்கள் தஞ்சைப் பகுதியில் இன்றும் நிலப் பேச்சில் வழங்குகின்றன. 20 மா ஒரு வேலி. 100 குழி ஒரு மா.

அந்தப் பிடிவாதத்துக்குக் கடுமையான பக்கமும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து உக்கல் கல்வெட்டில் உள்ள 24ஆம் ஆட்சியாண்டு ஆணை, வரி கட்டத் தவறிய நிலத்தாரின் காணியை ஊரார் விற்றுவிடலாம் என்கிறது. அந்தண ஊர்களுக்கும் அதில் விலக்கில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அரசனின் பெருமையைப் பேச எடுத்துக்காட்டும் கல்லே இதையும் சொல்லுகிறது.

கடல் கடந்த பெயர்

சுமத்திரா, மலேயா பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை 21ஆம் ஆட்சியாண்டில் இராசராசன் அளித்தான். சைவ மன்னன் ஒருவன் பௌத்தப் பள்ளிக்குச் செய்த இக்கொடை, 21 செப்பேடுகளில் வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டது. அச்செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்ததால் லைடன் செப்பேடுகள் எனப்படுகின்றன. 1015இல் சீனத்தின் சோங் அரசவையை அடைந்த சோழத் தூதுக்குழுவைச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. அவற்றில் சோழ அரசனின் பெயர் இராசராசன் என்பதன் சீன ஒலிப்பாக உள்ளது. தூதுவர் சீனம் சேர்ந்தபோது அவனுடைய ஆட்சி முடிந்திருந்தது.

தெலுங்கு நாட்டில் இப்பெயர் உறவின் வழியாகப் பரவியது. இராசராசனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தாள். அவர்களின் மகன் இராசராச நரேந்திரனின் ஆதரவில்தான் நன்னயர் தெலுங்கில் மகாபாரதத்தைத் தொடங்கினார். நரேந்திரனின் மகனே பின்னர்ச் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

எல்லா இடத்திலும் இப்பெயர் நற்பெயராக இல்லை. கருநாடகத்தின் ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சோழப் படை நாட்டைச் சூறையாடியதாகவும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகவும் குற்றம் சாட்டுகிறது. அது பகை நாட்டார் வெட்டியது, மிகைப்படுத்தல் இருக்கக்கூடும். மெய்க்கீர்த்தியிலும் மிகை உண்டு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். இலங்கையின் சூளவம்சம் சோழரைக் கொள்ளையராகவே காட்டுகிறது. அநுராதபுரம் வீழ்ந்து பொலன்னறுவை சோழரின் தலைமையிடமானது இக்காலத்தில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பான் உதவுகிறது. இராசராசன் முடிசூடிய மறு ஆண்டில், 986இல், அங்கே இச்சிஜோ என்னும் சிறுவன் பேரரசனாகி 1011 வரை இருந்தான். அதிகாரம் ஃபுஜிவாரா குடும்பத்தார் கையில் இருந்தது. ஆனால் அவனுடைய தேவியரிடம் பணிபுரிந்த முரசாக்கி ஷிகிபுவும் செய் ஷோனாகோனும் எழுதிய உரைநடை நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டன. அந்த அரசவை மறக்கப்படவேயில்லை. இராசராசனுக்கு அப்படி ஒரு நூல் நிலைக்கவில்லை. இருந்ததற்குச் சான்று மட்டும் உள்ளது: இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக் கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் தரப்பட்டதைக் கூறுகிறது. அந்நாடகம் கிடைக்கவில்லை. நாடகத்துக்கு அளந்த நெல்லின் கணக்குத்தான் கிடைத்துள்ளது.

மறதி

இராசேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றியபோதே தஞ்சையின் முதன்மை குறைந்தது. கலிங்கத்துப்பரணியும் மூவருலாவும் இராசராசனின் செயல்களை நினைவுகூர்கின்றன. சேர நாட்டில் சதய விழா எடுத்த செய்தி பரணியில் வருகிறது. எனினும் இவை குலவரிசைப் பாட்டுகள். பாட்டிலிருந்து கோயிலுக்குப் பாலம் அமைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையைத் தீக்கிரையாக்கினான். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் சோழ ஆட்சியே முடிந்தது. பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர், மராட்டியர் என்று ஆட்சிகள் மாறின. தேவதான ஊர்கள் கைமாறின. அந்தக் கணக்குகளைப் பார்த்துச் சரிசெய்யும் தேவை யாருக்கும் இல்லாமற்போனது. எழுத்தின் வடிவமும் மாறியது. சோழர் காலத் தமிழெழுத்தையும் கிரந்தத்தையும் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அருகினர்.

அந்த வெற்றிடத்தைப் புராணம் நிரப்பியது. மராட்டியர் காலத்துப் பிரகதீசுவர மகாத்மியம், கரிகால் சோழன் தன் தொழுநோய் நீங்கச் சிவகங்கைக் குளத்தில் நீராடிக் கோயில் எழுப்பியதாகக் கூறுகிறது. இறைவன் பெயரும் பெருவுடையார், பிரகதீசுவரர் என மாறிவிட்டதால், பெயரைக் கொண்டும் கட்டியவனை அறிய வழியில்லை. கோயிலின் பெயரான இராசராசேசுவரமே அவன் பெயரைத் தாங்கியிருந்தது, அது வழக்கொழிந்தது. இரண்டாம் சரபோசி 1803இல் தம் குல வரலாற்றை அதே வளாகத்தில் மிக நீண்ட மராத்திக் கல்வெட்டாகப் பொறித்தார். சில அடி தொலைவில், படிக்கப்படாமல், 800 ஆண்டுப் பழமையான கணக்கு நின்றுகொண்டிருந்தது.

கல் படிக்கப்பட்டது

1886இல் சென்னை அரசு, செருமானிய வடமொழி அறிஞர் ஹுல்ஷ் என்பவரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது. அவருக்குத் துணையாக இருந்தவர் வெங்கையா. இவர்கள் தஞ்சைக் கல்வெட்டுகளை மைப்படி எடுத்துப் படித்தபோது, கோயிலை எடுப்பித்தவன் இராசராசன் என்பது அவனுடைய சொல்லாலேயே தெளிவாயிற்று. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் பெரும்பகுதி தஞ்சைக் கோயிலுக்கே உரியது. கீல்ஹார்ன் கல்வெட்டுகளிலுள்ள கிழமை, நட்சத்திரக் குறிப்புகளைக் கணித்து, இராசராசன் 985 சூன் 25க்கும் சூலை 25க்கும் இடையே ஆட்சிக்கு வந்தான் என நிறுவினார். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குடும்ப வரலாற்றின் இடைவெளிகளை நிரப்பின.

கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1930களில் ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாறு இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியது. தமிழில் அப்பணியைச் செய்தவர், கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில் பிறந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார். கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டைப் படித்து அவர் எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரம், தமிழாசிரியர் பலருக்குச் சோழரை அறிமுகம் செய்த நூல். இதற்கிடையே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார்.

அறிஞர் மீட்ட பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர் கல்கி. 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் தொடர்கதையின் தலைவன் அரியணை ஏறுவதற்கு முந்தைய அருள்மொழிதான். கதையின் மையமான ஆதித்த கரிகாலன் கொலைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு: காட்டுமன்னார்கோயில் பகுதியில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் உறவினரது உடைமைகள் பற்றிய ஆணையைக் கொண்டுள்ளது. நந்தினி கற்பனை. 1973இல் சிவாசி கணேசன் நடித்த இராசராச சோழன், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. 1954இல் வெளியான ஆயிரம் ரூபாய்த் தாளில் பெரிய கோயில் இடம்பெற்றது. 1987இல் கோயில் உலக மரபுச் சின்னமாயிற்று. 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தது. ஐப்பசிச் சதய விழா 2022 முதல் அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

புதிய புராணங்கள்

மீண்ட புகழோடு புதிய கதைகளும் சேர்ந்தன. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது தவறு. காலையிலோ மாலையிலோ சென்றால் யாரும் நிழலைக் காணலாம். உச்சியில் உள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பதும் பிழையே; பல கற்களைச் சேர்த்து அமைத்தது அது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. உள்சுற்று ஓவியம் ஒன்றில் கருவூர்த்தேவரும் இராசராசனும் நிற்பதாகச் சொல்வது வழக்கம். அறிஞர் அனைவரும் அதை ஏற்கவில்லை. தேவாரத்தைத் தில்லையில் மீட்ட கதையில் வரும் இராசராசனும் இவனே என்று பலர் கூறுவர். அக்கதையைச் சொல்லும் திருமுறை கண்ட புராணம் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது. ஆனால் தேவாரம் பாடும் 48 பிடாரர்களைப் பெரிய கோயிலில் அமர்த்தி நெல் அளந்தவன் இராசராசனே என்பதில் ஐயமில்லை. அது கல்லில் இருக்கிறது.

கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் இராசராசனின் பள்ளிப்படை இருந்தது என்பது அண்மைக்காலத்தில் ஓங்கி ஒலிக்கும் கருத்து. அவ்வூர்ப் பால்குளத்தம்மன் கோயில் தூண் ஒன்றில் முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. சிவபாதசேகரன் பெயரால் அமைந்த திருமாளிகையின் முன்மண்டபம் பழுதடைந்து, புதுப்பிக்கப்பட்ட செய்தியை அது தருகிறது. சிவபாதசேகரன் இராசராசனின் விருது. திருமாளிகை என்ற சொல் நினைவுக் கோயிலைக் குறிக்குமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அடக்கம் செய்த இடம் என்று அக்கல்வெட்டு எங்கும் கூறவில்லை. ஊரார் வழிபடும் சிவலிங்கம் ஒரு கீற்றுக்கொட்டகையில் பல ஆண்டுகள் இருந்தது. சதய நாளில் வெளியூர்களிலிருந்தும் அங்கே மக்கள் வருகின்றனர்.

இராசராசனின் உருவம் என்று ஐயமின்றி ஒன்றைச் சுட்டுவதும் எளிதன்று. அவனுக்கும் தேவி உலோகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகள் செய்து 29ஆம் ஆட்சியாண்டில் கோயிலுக்கு அளித்தவன், கோயில் நிருவாகியான ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான். திருமேனியின் உயரத்தை முழம், விரல் கணக்கில் அவன் எழுதிவைத்தான். அவை இடைக்காலத்தில் கோயிலை விட்டு மறைந்தன. அவையே எனக் கருதப்படும் இரண்டு படிமங்கள் குசராத்திலிருந்து மீட்கப்பட்டு 2018இல் தஞ்சைக்குத் திரும்பின.